புதன்கிழமை பதினோரு மணி வரை

மகளுடைய பனி பூட்ஸுக்குள் முகவரி எழுதலாமென்று மார்லா மார்க்கர் பேனாவை எடுத்தாள். கை சும்மா இருந்தால் கண் அடுப்புக்கு மேலிருந்த கடிகாரத்துக்கு ஓடிவிடுகிறது. பத்து நாற்பது. பதினோரு மணிதான் கெடு.

நேற்று மதியம் அமெரிக்கக் கால்பந்து கிளப் அவள் புருஷன் டேமனை ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து கழித்துவிட்டது. ஜூலையில் தொண்ணூறு பேரோடு முகாம் தொடங்கும். ஆகஸ்ட் கடைசிச் செவ்வாய்க்குள் ஐம்பத்து மூன்று பேர்தான் மிஞ்ச வேண்டும். அவர்கள் பதினெட்டு வாரத்தில் பதினேழு ஆட்டம் ஆடுவார்கள். கழித்துவிட்டவர்களின் பெயரை மற்ற முப்பத்தொரு கிளப்புகளின் முன்னால் மறுநாள் பதினோரு மணி வரை வைப்பார்கள். யாராவது கேட்டிருந்தால் கெடு முடிந்ததும் போன் வரும்; உடனே அந்த ஊருக்குக் கிளம்பிவிட வேண்டும், அங்கே ஐம்பத்து மூவரில் ஒருவனாக. யாரும் கேட்காவிட்டால் இங்கேயே பயிற்சிக் குழுவில் வைத்துக்கொள்வதாகக் கோச் சொல்லியிருந்தார். வாரமெல்லாம் பயிற்சியில் இடி வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சட்டை கசங்காமல் வேடிக்கை பார்க்கிற வேலை. நாலு வருஷமாக, நாலு ஊரில், டேமனுக்கு அந்த வேலைதான்.

இந்த ஊரில் வீட்டுக்காரர்களுக்கே சீசன் அட்டவணை மனப்பாடம். வீட்டுக்காரி மிசஸ் ஹாஸ்கெல் போன வெள்ளிக்கிழமையே தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

“ஏம்மா, இந்தப் புதன்கிழமை தாண்டாம ஆட்டக்காரங்களுக்கு நான் சாவி குடுக்கறதே இல்ல. அஞ்சே நாள், பொறுத்துக்கோயேன்.”

“திங்கக்கிழமை ஸ்கூல் தொறக்குதுங்க. வாடகைப் பத்திரம் இல்லாம புள்ளைய சேத்துக்க மாட்டாங்களாம். அதோட நேத்து பயிற்சி ஆட்டத்தப் பாத்தீங்கல்ல? எம் புருஷன ஒருத்தனால அசைக்க முடிஞ்சுதா?”

“பாத்தேன், பாத்தேன். நாப்பது வருஷமா இப்டி எத்தன பேரப் பாத்துட்டேன்!”

மார்லா ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அவசரக்குடுக்கைத்தனம்தான், வேறென்ன? ஆனால் மகள் ஜூனிக்கு ஆறு வயதாகிறது. பாலர் வகுப்பையே இரண்டு ஊரில் படித்த பிள்ளை. திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக, “நாம இங்கயே இருப்போம்லம்மா?” என்று கேட்டாள். இருப்போம் என்று சத்தியம் செய்து கொடுத்தாயிற்று.

அதனால்தான் நேற்றிலிருந்து அவள் மனசுக்குள் ஒரே வேண்டுதல்: முப்பத்தொரு கிளப்பில் ஒருவன்கூட என் புருஷனைக் கேட்கக் கூடாது. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. வேண்டுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

டேமன் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். நூற்று நாற்பது கிலோ ஆள். ஒவ்வொரு நடைக்கும் தட்டுகள் கிணுகிணுத்தன. குளிர்ப்பெட்டியைத் திறந்தான், ஒன்றும் எடுக்காமல் மூடினான்.

“உக்காரேன் டேமன். நடந்து நடந்து தரையே உள்ள போயிடும்போல.”

“உக்காந்தா போன் வராது.”

“நடந்தா மட்டும் வருதாக்கும்!”

அவன் சிரிக்கவில்லை. “நெஜத்த சொல்லு மார்லா. என்னை எவனாச்சும் கேப்பானா?”

“கேக்கலன்னா அவனுங்களுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்.” வாயில் வந்துவிட்டது. அது உண்மை என்பதுதான் அவளைச் சுட்டது.

பதினொன்று அடித்தது. பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. போன் மேஜைமேல் கிடந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஒரு பூட்ஸில் பெயர், கதவு எண், தெருப்பெயர், ஊர் எல்லாம் எழுதி முடித்து, அடுத்ததை மடியில் வைத்து எழுதத் தொடங்கியவள் நிமிர்ந்தாள்.

டேமன் உட்கார்ந்திருந்தான். நேற்றிலிருந்து இப்போதுதான் உட்காருகிறான். மகளின் சின்ன நாற்காலியில் முழங்கால்கள் மார்புக்கு ஏற, தன் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐயோ, யாராவது கேட்டுத் தொலையுங்களேன் என்று நினைத்தாள். முழு மனசோடுதான் நினைத்தாள்.

போன் அடித்தது.

“ஆமா சார், டேமன்தான்... அம்பத்து மூணுலயேவா சார்?” எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. “சாயங்காலமே வந்துடறேன் சார். பொண்டாட்டி புள்ள பின்னாடி வருவாங்க.” எதற்கோ வாய்விட்டுச் சிரித்தான். எத்தனை மாசமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! அவளைப் பார்த்துக் கண்ணடித்தபடி கேட்டான்: “என்ன சார் சொல்றீங்க, அங்க பனியே பெய்யாதா?”

மடியிலிருந்த பூட்ஸில் மார்லா பெயரும் கதவு எண்ணும் மட்டும் எழுதியிருந்தாள். மூடாத மார்க்கர் அவள் விரலிடுக்கில் காய்ந்துகொண்டிருந்தது.