காகிதத்தில் வந்த பாதம்

மருத்துவமனையின் பின்பக்கத்தில் இருந்த பட்டறையில், கால் கோணலானவர்களுக்கும் ஒரு கால் குட்டையானவர்களுக்கும் அவர் காலணி செய்துவந்தார். பாதத்தைத் தன் கையில் ஏந்திப் பார்க்காமல் தோலில் கத்தி வைக்கமாட்டார். அதனால் எல்லோருக்கும் அவர் அளவுக்காரர்.

மனைவி இறந்த பிறகு, பட்டறையைப் பூட்டினால் அவர் போவதற்கு ஒரு வீடு இருந்தது. வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லை. குழந்தைகளும் இல்லை. கழுவிக் கவிழ்த்த ஒற்றை டம்ளர் காலையில் வைத்த இடத்திலேயே மாலையிலும் இருக்கும். இறைவனிடம் கொஞ்ச நேரம் பேசுவார். இறைவன் நன்றாகக் கேட்பவர். ஆனால் “அப்புறம்?” என்று கேட்கமாட்டார்.

அப்போதுதான் கைபேசிக்கு அந்தப் படம் வந்தது. ஒரு கால் குட்டையான ஐந்து வயதுப் பெண் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறுவைச் சிகிச்சைக்கு உதவும்படி ஓர் அறக்கட்டளை கேட்டிருந்தது. காலைப் பார்த்ததும் அளவுக்காரருக்கு மனம் கேட்கவில்லை. கொஞ்சம் பணம் அனுப்பினார். நன்றி சொல்ல ஒரு பெண் கூப்பிட்டாள்.

“அப்பா, நீங்க நல்லா இருக்கணும்ப்பா. சாப்ட்டீங்களா?”

அப்பா என்று அவரை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

பிறகு மாலைதோறும் அழைப்பு வந்தது. பாப்பா இன்றைக்குச் சிரித்தாள், பாப்பா உங்களைக் கேட்டாள் என்பாள். நடுவில் மருந்துக்கு, ஸ்கேனுக்கு என்று பணம் கேட்பாள். அவரும் அனுப்பினார். ரசீது வரவில்லை. அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தன் முழங்கால் வலியைப் பற்றிக்கூட அவளிடம் சொல்லியிருந்தார்.

வெளியூரில் இருந்த தங்கைக்கு இது தெரிந்ததும் போனிலேயே பிடித்துக்கொண்டாள்.

“பணம் யாரு பேர்ல போவுது?”

“யாரோ ஒருத்தர் பேர்ல. அங்க கணக்கு பாக்கறவரா இருக்கும்.”

“அறக்கட்டளைன்னா அறக்கட்டளை பேர்ல போகணும். நான் எங்க தெரு பால்காரருக்கே ரசீது இல்லாம காசு குடுக்கறதில்ல. குழந்தைய நேர்ல பாக்கறேன்னு கேட்டியா?”

“கேட்டேன். கிருமி தொத்திக்கும், யாரையும் விடறதில்லன்னா.”

“ஆமா, பணத்துக்கு மட்டும் கிருமி தொத்தாது! அண்ணா, உனக்கு வயசுதான் ஏறுது.”

“நீ மாசத்துக்கு ஒரு தடவ கூப்பிடற. அந்தப் பொண்ணு தினமும் கூப்பிடுது” என்றார் அவர். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமே என்று தோன்றியது. தங்கை போனை வைத்துவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் அந்தப் பெண் போனில் அழுதாள். “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கட்டலன்னா ஆபரேஷன் இல்லன்னுட்டாங்கப்பா. உங்கள விட்டா யாரும் இல்ல. வேற யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க, மனச மாத்திருவாங்க.”

கேட்டது பெரிய தொகை. அவ்வளவுக்கு அவரிடம் இருந்தது மனைவியின் சங்கிலி ஒன்றுதான். கடைசி நாட்களில் அவளே கழற்றி அவர் கையில் வைத்துப் பொத்திவிட்ட சங்கிலி. அதை விற்றுவிடுவதாகச் சொன்னார். அது ஒரு குழந்தை நடக்க உதவினால் மனைவி கோபித்துக்கொள்ளமாட்டாள்.

சொன்னதும் அவருக்கு வேறொரு ஆசை பிறந்தது.

“ஆபரேஷனுக்கு அப்புறம் பாப்பாவுக்கு பூட்ஸ் வேணும்மா. நானே செஞ்சு தரேன். அவள ஒரு பேப்பர்ல நிக்க வச்சு ரெண்டு காலையும் சுத்திப் பென்சிலால வரஞ்சு படம் அனுப்பு. பக்கத்துல ஒரு தீப்பெட்டிய வையி. அப்பத்தான் எனக்கு அளவு புரியும்.”

“அதெல்லாம் எதுக்குப்பா? பணம் அனுப்பினா போதும்.”

“பணம் யாரு வேணா குடுப்பாங்க. இது நான் மட்டும்தான் செய்ய முடியும்.”

அவள் அரைமனதாகச் சரி என்றாள். இரவுக்குள் படமும் வந்தது. மூக்குக்கண்ணாடி பட்டறையிலேயே இருந்துவிட்டதால் அவர் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. இருந்தாலும் மனம் நிறைந்து தூங்கினார்.

காலையில் சங்கிலியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பட்டறைக்கு வந்தார். நகைக்கடை திறக்கும்வரை வெட்டுகிற வேலையையாவது தொடங்கலாம் என்று மிருதுவான தோலாகப் பார்த்து எடுத்து வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார்.

அந்த வயதுக் குழந்தையின் பாதம் மூன்று தீப்பெட்டி நீளம் இருக்கும். கூடினால் அரைப் பெட்டி. இந்தப் பாதம் நாலரைப் பெட்டிக்கு மேல் இருந்தது. கால் குட்டையான குழந்தை அந்தப் பக்கம் நுனிக்காலில்தான் நிற்பாள். இங்கே இரண்டு குதிகாலைச் சுற்றியும் கோடு முழுதாக வளைந்திருந்தது. பெருவிரல் மூட்டு வெளியே புடைத்திருந்தது. சுண்டுவிரல் உள்ளே மடங்கியிருந்தது. காலுக்குப் பொருந்தாத செருப்பில் பல வருடம் நடந்த, வளர்ந்த பெண்ணின் பாதம்.

அவருக்கு முதலில் கோபம் வரவில்லை. இந்தக் கால் ரொம்ப வலிக்குமே என்றுதான் தோன்றியது. பிறகுதான் மீதியெல்லாம் புரிந்தது. எடுத்து வைத்த தோலைச் சுருட்டி அலமாரியில் திரும்ப வைத்தார். 

கடை திறக்கும் நேரத்துக்கு அவளே கூப்பிட்டாள். “அப்பா, கிளம்பிட்டீங்களா?”

“அது உன் காலுதானே?”

“நேரமாகுதுப்பா…” என்று அவள் இழுத்தாள்.

“பாப்பா இருக்காளா, இல்லையா? அத மட்டும் சொல்லும்மா.” இருக்கிறாள் என்று அவள் சொல்லிவிட வேண்டுமே என்று அவர் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்.

“நான் பாத்ததில்ல” என்றாள். குரலில் இப்போது குழைவு இல்லை, களைப்பு இருந்தது. “படம் குடுப்பாங்க. பேசச் சொல்வாங்க.”

“பணம் வராதும்மா.”

“தெரியும்.”

“சுண்டுவிரல் கடுக்குமே. முன்பக்கம் அகலமான செருப்பா வாங்கிப் போடு.”

 யாரோ பின்னாலிருந்து அவளை அதட்டினார்கள். அவள் அவசரமாக, தாழ்ந்த குரலில் சொன்னாள்: “இனிமே வேற ஆளு பேசுவாங்க. மிரட்டுவாங்க. எடுக்காதீங்க. நீங்க இதுவரைக்கும் போட்டது திரும்பி வராது. எடுக்காதீங்கப்பா.”

அழைப்பு நின்றது. அந்தக் கடைசி “அப்பா” நடிப்பு என்று யார் சொன்னாலும் அவர் நம்பமாட்டார். பொய்க்கு நடுவில் வந்தாலும் ஒரு நன்மை நன்மைதான். ஆண்டவன் அதையும் கணக்கில் வைத்துக்கொள்வார்.

கடைக்குப் போகாமல் வங்கிக்குப் போனார். கவுண்ட்டரில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இத அப்படியே எழுதிக் குடுங்க, போலீசுக்கும் சொல்லுங்க. அந்தக் கணக்க முடக்கச் சொல்லலாம். வழக்கமா நாங்க சொன்னாலே யாரும் நம்பறதில்ல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்றார்.

“குழந்தைக்கு பூட்ஸ் செய்யலாம்னு நெனச்சேன்.”

கவுண்ட்டரில் இருந்தவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் தலையசைத்தார்.

பேனாவைப் பிடித்தபடி அளவுக்காரர் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். எழுதிவிட்டால் அந்தப் பெண்ணுக்கும் ஆபத்து வரலாம். நாளை மாலை கைபேசி ஒலிக்காது. அவர் பேச்சைக் கேட்க ஆள் இருக்காது. ஆனால் அவர் எழுதாவிட்டால், இன்று மாலை இன்னொரு வீட்டில் போன் ஒலிக்கும். அங்கேயும் ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டீர்களா என்று கேட்டதும் அவர் கண்ணும் கலங்கும். அளவுக்காரர் எழுதினார். அந்தப் பெண் கடைசியாகச் சொன்னதையும் ஒரு வரி விடாமல் எழுதினார். யாராவது அதைப் படித்து அவளுக்குச் சற்று இரங்கட்டும்.

மாலையில் புதிய எண்களிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அதுவும் ஓய்ந்தபின் வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. தங்கையின் எண்ணை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அழுத்தினார்.

“என்ன அதிசயம், நீயா கூப்பிடற? என்ன ஆச்சு?”

“நீ சொன்னதுதான் சரி. எல்லாம் பொய்.”

“அண்ணி சங்கிலியாவது இருக்கா?”

“இருக்கு.”

அவ்வளவுதான், தங்கை ஆரம்பித்தாள். நான் சொன்னா கேட்டியா, சின்ன வயசிலேருந்தே நீ இப்படித்தான், ஊரெல்லாம் உனக்குச் சொந்தம், கூடப் பிறந்தவதான் வேத்தாளு. நடுவில் அவள் குரல் உடைந்தது. மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி விட்ட இடத்திலிருந்து திட்டினாள். அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, கைபேசியைக் காதோடு இன்னும் நெருக்கி வைத்துக்கொண்டார். சரிதான், வைக்கட்டுமா என்று அவள் இரண்டு முறை கேட்டாள். இன்னும் கொஞ்சம் பேசு என்றார்.