பிந்தி விதைத்த நாவல்

மழைக்காலத்தின் கடைநாள்கள் அவை. பொழிந்து களைத்த முகில்கள் பொதியிறக்கிய எருதுகளைப்போல மெல்ல மேற்கே ஒதுங்க, கரையைத் தின்ற ஆறு கலங்கிச் சிவந்து ஊரின் கடைசித் தெருவை உரசியோட, அத்தெருவின் இறுதி வீட்டுக் கொல்லையில், கொத்திச் சமன்செய்து பல நாளாகியும் ஒரு விதையும் விழாத பன்னிரண்டு பாத்திகள் வாய்பிளந்து கிடந்தன.

அவ்வீடு மரநாற்று வளர்க்கும் ஒருவருடையது. ஆண்டுதோறும் சரியும் கரையை நாவல் வேர்களாலன்றிப் பிணித்தல் இயலாதெனத் தெளிந்து, விதைக்கெனக் கனிபறிக்க நெடுமரம் ஏறிய அவர், கிளை முறிந்து வீழ்ந்து, இடுப்பொடிந்து, தானே புரண்டுபடுக்கவும் மாட்டாதவராய்க் கட்டிலில் கிடந்தார். விதைகள் மட்டும் ஈரமணற் கூடையில் காத்திருந்தன. நாவல் விதையோ நெடிது காத்திருப்பதன்று. இருபது நாள் கடந்தால் உள்ளே சுருங்கி உயிர்விடுவது என்பதைப் படிக்கும் பெருமக்கள் அறிந்திருக்கக்கூடும்.

அவர் மனைவி அதனை நன்கறிவாள். ஆயினும் நாழிகைக்கொருமுறை அவரைப் புரட்டிக் கிடத்தவும், புண்துடைக்கவும், ஊட்டவும், துணி அலசவுமே அவள் பகல் தீர்ந்தது.

"விதைச்சாச்சா?" என்று, விழுந்த நான்காம் நாள், அவர் கேட்டார்.

"ஆச்சுங்க, பன்னெண்டு பாத்தியும் போட்டாச்சு."

அச்சொல் கேட்டு அவர் நெற்றிச்சுருக்கம் நெகிழ்ந்ததைக் கண்டவள், சொன்ன பொய்யைத் திரும்பப்பெற நெஞ்சில்லாமல், நீர் பாய்ச்சியதாகவும் களை பறித்ததாகவும் நாளும் அதனை வளர்த்துவந்தாள்.

பதினாறாம் நாட் காலை அவர் கேட்டார்: "இந்நேரம் முளை வந்திருக்குமே. ஒண்ணு எடுத்துட்டு வாயேன், பாப்போம்."

கொல்லைக்குச் சென்றவள் கைபிசைந்து நின்று, வேலியோரம் தானே முளைத்திருந்த ஏதோவொரு கன்றைப் பிடுங்கிவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் இலைநுனியைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார்.

"இது நாவல் இல்லையே."

அவள் குனிந்து அவர் போர்வையைச் சரிசெய்தாள்.

"ஒரு பாத்திகூடப் போடலையா?"

"உங்கள விட்டுட்டு எப்படிங்க போவேன்? கொஞ்ச நேரம் ஒரு பக்கமா கெடந்தாலே புண்ணாகிடுதே."

சீறுவாரென அஞ்சினாள். அவரோ பலகணி வழியே வெளிறிய வானத்தை நெடிது நோக்கினார். "மழை இன்னும் நாலஞ்சு நாளுதான். இன்னைக்கே போட்டுடு. என்னைச் சுவத்துப் பக்கம் திருப்பி விட்டுட்டுப் போ. நான் கூப்பிட மாட்டேன்."

அவர் கூப்பிடவில்லை. கருகிச் சுருங்கிய விதைகளை ஒதுக்கி, உயிருள்ளவை என நம்பியவற்றை விரலால் அழுத்தி மண்மூடி, தூறலில் நனைந்தபடி அவள் பன்னிரண்டு பாத்திகளையும் முடித்து அந்திசாயத் திரும்பியபோது, தலையணையுறையின் முனை அவர் பற்களுக்கிடையே கிழிந்திருந்தது. விலாப்புறத்துப் புண் வாய்விட்டிருந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

"இப்பவாவது நெசமா?" என்றார், சிரிக்க முயன்று. அவள் மண்படிந்த தன் விரல்களை அவர் கையில் வைத்தாள். அவர் அவற்றை விடவேயில்லை.

விதைத்த நான்காம் நாள் மழை ஓய்ந்தது. புண் முற்றிக் காய்ச்சல் கண்டு, எட்டாம் நாள் அவரும் ஓய்ந்தார்.

விதைத்த பதினெட்டாம் நாட் காலை, வெடிக்கத் தொடங்கியிருந்த மண்ணைப் பிளந்து, செம்பழுப்புத் தளிர்கள் தலைநீட்டியிருந்தன. பன்னிரண்டு பாத்திகளிலும் எண்ணினால் பத்தொன்பதே. அவற்றைக் கண்டவுடன், "என்னங்க, வந்துடுச்சு!" என்று கூவி அறையை நோக்கி ஓடியவள், வாயிற்படியில் கால்வைத்த பின்னரே நினைவு வந்து நின்றாள். உள்ளே கட்டில், விரிப்பின்றி, கயிறு தெரியக் கிடந்தது.

பருவம் தவறிய விதைக்குள்ளும் சிறிது உயிர் எஞ்சியிருத்தல் உண்டு. அவ்வுயிர் தலைகாட்டும் நாளில், யாருக்காக அது மண்ணுள் இடப்பட்டதோ அவர் செவி எஞ்சியிருப்பதில்லை.