கரிச்சுவரில் இருபத்திரண்டு பேர்

டிப்போவில் எனக்குப் பெயர் பீரங்கி. பதினாறு வருடமாகப் பேருந்து கழுவும் தண்ணீர்த் துப்பாக்கியைப் பிடித்திருப்பதால் வந்த பெயர் என்று நான் சொல்லிக்கொள்வேன். என் வாயால் வந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும், இரண்டுமே அழுக்கை எடுக்கத்தான்.

டிப்போவின் பின்சுவருக்கு எதிரே, ஒரு சந்து தாண்டினால் பள்ளிக்கூடம். என் மகள் அங்கே நான்காம் வகுப்பு. அவளுடைய டீச்சர் வேறு யாருமில்லை, என் நாத்தனார்தான். வெள்ளிக்கிழமை ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வளர்ந்தா என்ன ஆகப் போறீங்கன்னு வரையச் சொன்னேன் அண்ணி. இருபத்திரண்டு பிள்ளைங்கள்ல உங்க மக மட்டும் வெறும் தாளைக் குடுத்திருக்கா."

மகளிடம் கேட்டேன். தரையைப் பார்த்தாள்.

"பஸ் கழுவுறவ பொண்ணு பஸ்தான் கழுவுவான்னு சொல்றாங்கம்மா. அப்புறம் என்னத்த வரையுறது?"

அப்படிச் சொன்னது வளர்ந்த ஆளாக இருந்திருந்தால் நிற்க வைத்து அலசியிருப்பேன். ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் சண்டைக்கா போக முடியும்? எனக்குத் தெரிந்தது கழுவுவது. கழுவியே காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

அந்தப் பின்சுவர் ஒரு காலத்தில் வெள்ளை. இருபது வருடப் புகைக்கரி ஏறி, விரலால் தேய்த்தால் வெள்ளைக் கோடு விழும். பிள்ளைகளை அதில் வரைய அப்புறம் பெயின்ட் எதற்கு? பேருந்துகளிலிருந்து உரித்துப் போட்ட பழைய விளம்பரத் தாள்கள் கிடந்தன, நல்ல கெட்டியான பிளாஸ்டிக். சனிக்கிழமை நானும் நாத்தனாரும் பிள்ளைகளை ஒவ்வொருவராக அதன்மேல் படுக்க வைத்துச் சாக்பீஸால் உருவம் வரைந்தோம். ஒருத்தன் கையில் ஸ்பேனர், ஒருத்தி கையில் விமானம், ஒரு குண்டுப் பயல் கையில் கரண்டி. பிறகு உருவத்தை வெட்டி எடுத்துவிட்டோம். ஓட்டை விழுந்த தாளைச் சுவரில் வைத்துத் தண்ணீர் அடித்தால், ஓட்டைக்குள் மட்டும் கரி போய்ப் பிள்ளை வெள்ளையாக நிற்கும்.

என் மகளும் படுத்தாள்.

"கையில என்னடி?"

"ஒண்ணும் வேண்டாம்."

மேனேஜரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்ற பிறகு செய்தால் அது தப்பாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரும் வாட்ச்மேனும் தாளைப் பிடிக்க, இருபத்தொரு பிள்ளைகள் பளிச்சென்று வந்துவிட்டார்கள். கடைசியாக என் மகள். கை ஓய்ந்துபோயிருந்தது. ஓட்டைத் தாளுக்குப் பதிலாக, வெட்டியெடுத்த உருவத்தைச் சுவரில் வைத்து அடித்துத் தொலைத்தேன். சுற்றிலும் வெளுத்துவிட்டது, நடுவில் பிள்ளை கரியாகவே நின்றாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"எல்லாரும் பளிச்சுனு இருக்காங்க. நான் மட்டும் அழுக்கு" என்றாள். நின்றிருந்த ஒரு பேருந்தில் ஏறிக் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். போன கரியை நான் எங்கிருந்து கொண்டுவருவேன்?

திங்கட்கிழமை மேனேஜர் வந்து குதித்தார்.

"நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றார். இந்த வெள்ளைப் பொம்மை ஒண்ணுகூட இருக்கக் கூடாது. முழுச் சுவத்தையும் கழுவு."

"இருபது வருஷமா அழுக்கா இருந்தப்ப யாரு சார் கேட்டா?"

"அழுக்குன்னா அழுக்கு. இது கிறுக்கல்."

மறுத்தால் வேறு ஆளை வைத்துக் கழுவிவிடுவார். எதிரே பள்ளிக்கூட ஜன்னல் பூராவும் முகங்கள். துப்பாக்கியை எடுத்தேன். இடைவேளை மணி அடித்ததும் என் மகள் சந்து தாண்டி ஓடிவந்தாள்.

"நில்லும்மா! கழுவினா அவங்க எல்லாரும் போயிடுவாங்களா?"

"போயிடுவாங்க. சுவரே வெள்ளையாயிடுமே."

"நான்?"

"உன்மேல அடிக்கலைன்னா நீ நிப்ப."

மூலையில் அடுக்கியிருந்த வெட்டுருவங்களைப் பார்த்தாள்.

"அப்ப எல்லாரையும் என்னை மாதிரியே பண்ணிடேன்."

அட என் தங்கமே! வெள்ளைப் பிள்ளைகளுக்கு இடையிடையே கரி அப்படியே இருந்ததே! பிள்ளைகளைச் சந்துக்கு அந்தப்பக்கம் நிறுத்திவிட்டு, வாட்ச்மேனையும் நாத்தனாரையும் உருவங்களைக் கட்டையால் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். சுற்றிலும் அடித்தேன். பழைய வெள்ளைப் பிள்ளைகள் வெள்ளைச் சுவரில் கரைந்தார்கள். தாளை உரிக்க உரிக்க ஸ்பேனர்க்காரன், விமானக்காரி, கரண்டிக்காரன் எல்லோரும் கரியில் எழுந்து நின்றார்கள். நேற்றைவிடத் தெளிவாக, தெருமுனையிலிருந்தே தெரிந்தார்கள்.

கடைசியில் மகள் ஒரு துண்டை நீட்டினாள். மிச்சத் தாளில் அவளே வெட்டியது.

"இதை என் பக்கத்துல வைம்மா."

அவள் உருவத்தைச் சுற்றிய வெள்ளைக்கு அப்பால் கொஞ்சம் கரி பாக்கி இருந்தது. அதில் வைத்து அடித்தேன்.

சாயங்காலம் மேனேஜர் வந்தார். வெள்ளைப் பொம்மை ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

"கழுவச் சொன்னா..." என்று இழுத்தார்.

"கழுவிட்டேன் சார். கையை வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். கையில் கரி ஒட்டவில்லை. பெருமூச்சு விட்டார். "சரி விடு, அதிகாரி கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்தவர், கடைசிப் பிள்ளையிடம் நின்றார்.

"இது கையில மட்டும் ஒண்ணையும் காணோமே?"

"அது நான் சார்." என் முதுகுக்குப் பின்னாலிருந்து மகள் முன்னே வந்தாள். "பக்கத்துல இருக்கு பாருங்க, அதுதான்."

உயரமான முதுகு, அடியில் சக்கரம், இரண்டு கைப்பிடி. மேனேஜர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"என் நாற்காலி மாதிரியில்ல இருக்கு?"

"ஆமா சார். நீங்க ரிட்டயர் ஆகுற வரைக்கும் உக்காந்துக்கோங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். பீரங்கி குனிந்து, ஏற்கெனவே சுருட்டி வைத்த தண்ணீர்க் குழாயை மறுபடியும் சுருட்ட ஆரம்பித்தது.