ரத்தாகாத விமானம்

“போடுடி, கையெழுத்தைப் போடு! எந்தம்பியைக் கொன்னுட்டு அந்தக் காசுல நீ நல்லா இருப்பியா?”

“செத்த மாதிரியும் இல்லாம, வந்த மாதிரியும் இல்லாம ஒன்பது வருஷமா நிக்கிறாரு, அவரை நான் எங்கே அண்ணி கொல்றது? அவ்வளவு பாசம்னா மேலே ஏறிப் போய்க் கூட்டிட்டு வாங்களேன்!”

தையல்காரி தன் நாத்தனாரிடம் இப்படிக் கத்தியபோது அவள் கையில் பேனா இருந்தது. எதிரே முக்காலியில் விமானக் கம்பெனியின் இழப்பீட்டு அதிகாரி உட்கார்ந்து, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குச் சற்று மேலே, அவள் புருஷன் வந்த விமானம் நின்றுகொண்டிருந்தது. ஒன்பது வருடமாக அது அங்கேதான் நிற்கிறது.

புருஷன் குழாய் வேலைக்காரர். வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பும்போது, ஊருக்கு மேலே வந்த விமானம் இறங்காமல் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் தாமதம் என்றார்கள். மறுநாள் காலையிலும் அதே இரண்டு மணி நேரம்தான். விமானம் ரத்து என்றால் கம்பெனி இழப்பீடு கொடுத்தாக வேண்டும். தாமதம் என்றால் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் போதும். ஆகவே ரத்து என்ற சொல்லைக் கம்பெனியில் ஒருவரும் வாய்தவறிக்கூடச் சொல்லவில்லை. தையல்காரி வழக்குப் போட்டாள். வழக்கு நடந்த காலமெல்லாம் தினமும் அவள் வீட்டுக்குப் பிஸ்கட் வந்தது. அந்தத் தெரு எறும்புகளைப்போல் கொழுத்த எறும்புகள் வேறெங்கும் கிடையாது.

முதல் வாரம் தெருவே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தது. போட்டோ ஸ்டுடியோக்காரர் தன் நீள லென்ஸை வாடகைக்கு விட்டு ஸ்டுடியோவுக்குப் புதுக் கூரை போட்டார். அப்புறம் எல்லாருக்கும் சலித்துவிட்டது. நிழல் மட்டும் நிலைத்தது. துணி காய மறுத்தாலும் தெரு குளுகுளுவென்று இருந்ததால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில், கட்ட முடியாவிட்டால் இந்த மாதத்தோடு காலி பண்ணு என்றும் சொல்லிவிட்டார். அடுத்த தெருவுக்குப் போனால் விமானத்தின் வால்தான் தெரியும். புருஷனின் ஜன்னல் தெரிவது இந்த ஒரு மாடியிலிருந்து மட்டும்.

அளவு டேப் கழுத்தில் தொங்க, தினமும் காலை உணவுக்கு முன்னால் அவள் மாடியேறிக் கை ஆட்டுவாள். முதல் நாள் அவரும் இரண்டு கையாலும் ஆட்டினார். மறுநாள் முதல் ஒரு தடவைகூட இல்லை. அவளையே பார்ப்பார், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். அவளுக்கு அது முள்ளாகக் குத்தியது.

இதற்கிடையில் கம்பெனிக்குப் புது மேலாளர் வந்து, குடும்பத்தார் ஒப்புக்கொண்டால் அந்தந்தப் பயணியின் பயணத்தை மட்டும் ரத்து செய்து பணம் தரலாம் என்றார். அதிகாரி வீடு வீடாகப் போய் விளக்கினார்: “ரத்துன்னா அந்தப் பயணமே நடக்கலைன்னு அர்த்தம்மா. நடக்காத பயணத்துல ஆள் எப்படி உட்கார்ந்திருப்பாரு?” கீழே ஒரு கையெழுத்து விழ, மேலே ஒரு ஜன்னல் இருண்டது. ஒன்று, இரண்டு என்று தொடங்கியது பிறகு மளமளவென்று நடந்தது. முடிவில் ஒரே ஜன்னலில்தான் வெளிச்சம். அவர் பக்கத்து இருக்கையில் விமானப் பணிப்பெண் வந்து உட்கார்ந்தாள். லென்ஸை வாங்கி முதலில் பார்த்தவள் நாத்தனார்தான். “ஏண்டி, உம் புருஷனுக்கு நல்லாவே பொழுது போகுதுடி. சிரிக்கிறான் பாரு!” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

அதே நாத்தனார்தான் இன்று கொலைகாரி என்று மார்பில் அடித்துக்கொண்டாள். தையல்காரி பேனாவோடு மாடியேறினாள். ஒரே ஒரு தடவை கை ஆட்டினாள். அவர் பார்த்தார். கை வெளியே வரவில்லை. இறங்கி வந்து கையெழுத்துப் போட்டாள். ரத்த உறவு ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், அவருக்குக் கால் பங்கு உண்டு என்றார் அதிகாரி. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். அவள் கையெழுத்து மணிமணியாக இருந்தது.

மை காய்வதற்குள் விமானம் இல்லை. ஒன்பது வருட வெயிலும் ஒரே மூச்சில் தெருவில் வந்து இறங்கியது. ஒரு வாரத்தில் வீட்டுக்காரர் வாடகையைப் பழையபடி குறைத்துவிட்டார்.

பணிப்பெண் பயணி இல்லை, சம்பளக்காரி. அவளை ரத்து செய்ய விதியில் இடமில்லை. கேப்டனை விமானத்தின் பாகமாகவே கணக்கெழுதியிருந்ததால் அவர் அதோடு போய்விட்டார். உருட்டுப் பெட்டியோடு அவள் தண்ணீர்த் தொட்டிமேல் நின்றுகொண்டிருந்தாள். ஏணி வைத்து இறக்கினார்கள். ரொட்டிக்கடை மாடியில் அறை எடுத்தாள். ரொட்டிக்கடைக்காரர் அறையையும் கொடுத்து மனசையும் கொடுத்தார். கல்யாண உடுப்புக்கு அளவு கொடுக்கத் தையல்காரியிடம்தான் வந்தாள்.

“உன்கிட்ட மட்டும் நல்லாச் சிரிச்சுப் பேசுவாராமே?” வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி கேட்டாள் தையல்காரி.

“உங்களைப் பத்திதான்க்கா பேச்சே. ‘அவ விடமாட்டா, கம்பெனியையே சட்டை மாதிரிப் பிரிச்சுத் தச்சிடுவா’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”

“அப்ப ஒரு வாட்டி கை ஆட்டினா என்ன, தேஞ்சா போயிடும்?”

“ஐயோ, எப்படிக்கா ஆட்டுவாரு? ரெண்டாவது நாள்லேர்ந்து தினம் காலையில கேப்டன் மைக்குல கேட்பாரு. இழப்பீடு வேணாம்னு விட்டுக்கொடுக்கிறவங்க கையைத் தூக்குங்க, எல்லாரும் தூக்கிட்டா இறக்கிடுறேன்னு. சரியா நீங்க மாடிக்கு வர்ற நேரம். கடைசியில அவர் ஒருத்தர்தானே மிச்சம்? தூக்கியிருந்தா அன்னைக்கே இறங்கியிருக்கலாம். நானும் சொன்னேன். ‘அவ கீழ இத்தனை வருஷமா மல்லுக்கட்டிட்டு இருக்கா, நான் வெறுங்கையோட இறங்கினா மூஞ்சியில முழிப்பாளா’ன்னு கையைத் தொடைக்கு அடியில வச்சுக்குவாரு.”

தையல் மிஷின்மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

“திரும்பு,” என்றாள் தையல்காரி. இடுப்பில் கொஞ்சம் பிடிக்க வேண்டியிருந்தது.

உடுப்பு கச்சிதமாக வந்தது என்று கல்யாணத்துக்குப் போனவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ரொட்டிக்கடைக்காரர் கடையை விற்றுவிட்டு மனைவியோடு துறைமுக ஊருக்குக் குடிபோனார். அதிகாரி பதவி உயர்ந்து ஒரு கப்பல் கம்பெனிக்குப் போய்விட்டார். நாத்தனார் கால் பங்கில் லிப்ட் வைத்த கட்டடத்தில் வீடு வாங்கி, தம்பி படத்தைப் பெரிதாக மாட்டியிருக்கிறாள். தையல்காரி பழைய வீட்டில் பழைய வாடகைக்கே இருக்கிறாள். அவளுடைய வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. வைத்தியர் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை என்றார். மேல் அலமாரியில் ஏதாவது வேண்டுமென்றால் தெருவில் போகிறவர்களைக் கூப்பிடுவாள், அவர்களும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாடியில் கொடிக்கயிற்றை வீட்டுக்காரரே இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் கட்டிக் கொடுத்தார். துணி இப்போதெல்லாம் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.