மூன்றாக வெட்டிய கூடாரம்

1.

இந்தக் கதை ஒரு சிமெண்ட் மூட்டைக் குவியலின்மேல் கிடந்தது. அங்கிருந்துதான் எடுத்தேன்.

அடிஸ் அபாபாவின் தெற்கு ஓரத்தில் புதிதாக எழும் கட்டடம் ஒன்று. மழை வருகிற மாதிரி இருந்ததால் காவல்காரர் மூட்டைகளின்மேல் பழைய பச்சைத் தார்ப்பாய் ஒன்றை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். தார்ப்பாயில் வெள்ளைச் சாயத்தில் ஒரு சங்கத்தின் பெயர் எழுதியிருந்தது. பாதிப் பெயர்தான். மீதி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கத்தரி போயிருந்தது. கிழிசல் இல்லை, நேரான வெட்டு. வெட்டிய ஓரத்தை யாரோ பொறுப்பாக மடித்துத் தைத்தும் இருந்தார்கள்.

"இது எங்க வாங்கினது, அண்ணே?"

"பழைய சாமான் கடையில. ஏன், உன்னோடதா?"

என்னுடையது இல்லை. ஆனால் என்னவென்று தெரியும். சாவுக்கூடாரம். எங்கள் ஊரில் சந்துக்கு ஒரு சாவுச் சங்கம் உண்டு, இடிர் என்போம். மாதாமாதம் கொஞ்சம் கட்டி வர வேண்டும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சந்து முழுவதையும் மறித்துக் கூடாரம் எழும். மூன்று நாள் அந்த வீட்டாரைத் தனியே விடாமல் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். வராதவருக்கு அபராதம். அழ வராதவனும் வர வேண்டும், சீட்டு விளையாடிக்கொண்டாவது உட்கார வேண்டும்.

அப்படிப்பட்ட துணியை யார் வெட்டியிருப்பார்கள்? தைத்து மடிக்கிற அளவுக்குப் பாசம் இருந்தவர்கள் ஏன் வெட்டினார்கள்? எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் நான் கட்டியது. எழுத வருமுன் கட்டடத்தில்தான் கல் சுமந்தேன், அதனால் கட்டுவது ஒன்றும் புதிதில்லை.

2.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"மாவுமில் சந்தின் தகரக் கூரைகளில் காலை வெயில் பொன்னாய் உருகி வழிய, காப்பிக்கொட்டை வறுக்கும் மணம் வீடுவீடாக நுழைந்து—"

நிறுத்திவிட்டேன். காப்பி மணம் வந்தது உண்மை. கூடவே இன்னொரு மணமும் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

இரண்டாவது தொடக்கம்:

"மாவுமில் சந்தில் எட்டு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். மழைக்காலத்தில் அது பொங்கி, தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கிறவர்களின் காலை—"

இதுவும் வேண்டாம். இதைப் படித்தால், அரசாங்கம் அந்தச் சந்து வீடுகளை இடித்தது நல்லதாயிற்று என்று கதையை மூடி வைத்துவிடுவீர்கள். இடித்தது ஒருவகையில் நல்லதுதான். அதனால்தான் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. [அந்தச் சந்தை நினைத்து அழுதிருக்கிறேன். அந்தக் கக்கூஸை நினைத்து ஒருநாளும் அழுததில்லை.]

ஆகவே மூன்றாவது தொடக்கம். இடிக்க வருவதற்கு முந்தைய ஞாயிறு. சந்துக்காரர்கள் கூட்டம்.

3.

சந்துக்காரர்களுக்குப் புது அடுக்குமாடிகளில் வீடு கிடைத்திருந்தது. குலுக்கல் முறை. ஒரே சுவரை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தவர்களைக் குலுக்கல் பிரித்து, நகரத்தின் கிழக்கு, மேற்கு, தெற்கு என்று மூன்று ஓரங்களுக்கு வீசிவிட்டது. ஓர் ஓரத்திலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இனி இந்த இடிர் எப்படி நடக்கும்?

"வித்துடலாம். காசப் பிரிச்சுக்கலாம்" என்றார் ஒருவர்.

"சரி, நீ செத்தா காச விரிச்சுப் போட்டு அது மேல உக்காந்துக்கறோம்" என்றாள் தையல்காரி ஃபாண்டயே. சந்து முழுக்கச் சிரித்தது.

சங்கத் தலைவர் ஷிமெல்லஸ், பழைய பஸ் டிரைவர், கையை உயர்த்தினார். "சத்தம் போடாதீங்க. அண்டா மூணு இருக்கு, பக்கத்துக்கு ஒண்ணு. பெஞ்ச பிரிச்சுக்கலாம். கூடாரந்தான் ஒண்ணே ஒண்ணு. அத வெட்ட வேண்டியதுதான்."

"கூடாரத்த யாராச்சும் வெட்டுவாங்களா, தலைவரே?"

"சந்தையே வெட்டிட்டாங்க. துணிக்கு என்னம்மா?"

அப்போதுதான் அஸ்னாகெச் எழுந்தாள். இவள்தான் என் கதையின் ஆள். கட்டடங்களில் மணலும் கல்லும் சுமந்து உரமேறிய உடம்பு, ஐம்பது வயதிருக்கும். "இப்ப வெட்டாதீங்க. கொஞ்ச நாளைக்கு யார்கிட்டயாவது முழுசா இருக்கட்டும்" என்றாள்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவள் புருஷன் வூப்ஷெட் வாசலில் நாற்காலி போட்டு, தடித்த பருத்திப் போர்வைக்குள் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். வாழ்நாளெல்லாம் சிமெண்ட் குழைத்தவன். நெஞ்சுக்குள் அது இறுகிவிட்டது. அடுத்த மழைக்காலத்தைத் தாண்டினால் ஆச்சரியம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒரே மகள் பெய்ரூட்டில் வீட்டு வேலை செய்கிறாள், வர முடியாது. அவன் போகும்போது யார் இருப்பார்கள்? அஸ்னாகெச்சுக்கு இருந்தது அந்த ஒரு பயந்தான்.

வூப்ஷெட் வாசலிலிருந்தே குரல் கொடுத்தான். "முழுக் கூடாரம் வேணும்னா நான் நேத்தே செத்திருக்கணும். எனக்கு எப்பவும் எல்லாமே லேட்டு."

"வாய மூடுய்யா" என்றாள் அஸ்னாகெச்.

"மூடத்தான் போறேன், புள்ள. அவசரப்படாத."

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஃபாண்டயே மண்டி போட்டு, சாக்குக்கட்டியால் கோடு இழுத்து, கத்தரியை வைத்தாள். தடித்த துணி. அது அறுபடுகிற சத்தத்தில் சிரிப்பு நின்றது. எத்தனையோ பேரை அதன் கீழே உட்கார்ந்து வழியனுப்பியிருக்கிறார்கள். அன்று அதற்கென்று யாரும் உட்காரவில்லை. எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

கிழக்கே போவது அஸ்னாகெச் வீடு ஒன்றுதான். அவளுக்கு நடுத்துண்டு வந்தது.

"என்னடி இது, கூரை மட்டுந்தான் இருக்கு. பக்கத்துணி எங்க?"

"பக்கத்துணி எதுக்குக்கா? உங்க மாடியிலதான் நாலு பக்கமும் செவுரு" என்றாள் ஃபாண்டயே. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓரங்களை மடித்துத் தைத்துத் தர இரண்டு நாள் கேட்டாள்.

4.

இங்கே அஸ்னாகெச்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

நாலாவது மாடி வீட்டுக்குப் போனதும் அவளை அழவைக்கப் பார்த்தேன். "வெறும் சுவர்களைப் பார்த்ததும் அவள் கண்கள்—" என்று எழுதினேன். அவள் ஒத்துழைக்கவில்லை. நேரே சமையல் மேடைக்குப் போனாள், குழாயைத் திறந்தாள், தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கை சில்லிட்டுப் போகிற வரைக்கும் மூடவில்லை. குடம் தூக்கியே தோள் இறங்கிப்போன பெண்ணைக் குழாய்க்கு முன்னால் நிறுத்திவிட்டு, பழைய சந்துக்காக அழு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் எழுதினாலும் வராது.

வூப்ஷெட்டை மேலே கொண்டுபோனது வேறு விதம். கல் சுமக்கிற இரட்டைக் கம்புத் தூக்கில் அவனைப் படுக்கவைத்து, முன்னால் அவளும் பின்னால் லாரிக்காரனுமாகத் தூக்கினார்கள். இது மாதிரி படிக்கட்டுகளுக்கு மணல் சுமந்தவள் அவள். மூன்றாவது திருப்பத்தில் தூக்கு திரும்பவில்லை. வூப்ஷெட்டை நிறுத்திப் பிடித்துத் திருப்பினார்கள்.

"இறங்கும்போதும் இப்பிடித்தான் நிக்கவெச்சு எறக்குவீங்களா?" என்று கேட்டான் அவன்.

 அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்தத் தப்பு. எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

ஒரு காலையில் காப்பிக்கொட்டை வறுத்தாள். சந்தில் வறுக்கிற மாதிரியே புகைய விட்டு, வாசலுக்கு வந்து, சந்தில் கூப்பிடுகிற மாதிரியே அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "வாங்கடீ! ஆறிப்போகப் போகுது!" சந்தில் அந்தக் குரலுக்கு ஐந்தாறு கதவு திறக்கும். இங்கே படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. புகையும் குரலும் சேர்ந்து கீழே இறங்கின.

கீழிருந்து ஓடி வந்தது மூன்றாவது மாடிப் பெண், ஸம்ராவிட். வங்கி வேலைக்கு உடுத்தியிருந்தாள், கையில் ஒரு வாளித் தண்ணீர். அவளுக்குப் பின்னால் அடுக்குமாடியின் காவல்காரர்.

"தீ எங்க? எங்கம்மா தீ?"

"அடுப்புலதான். வேற எங்க இருக்கும்?"

"அப்ப எதுக்கு அப்பிடிக் கத்துனீங்க?"

"காப்பிக்குக் கூப்ட்டேன்."

காவல்காரர் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார். ஸம்ராவிட் வாளியைக் கீழே வைத்தாள். பாதித் தண்ணீர் படியிலேயே சிந்தியிருந்தது. "எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு, அக்கா" என்றாள். உள்ளேயிருந்து வூப்ஷெட் சொன்னான்: "தீயணைக்க வந்த புள்ளைக்கு ஒரு கிண்ணமாவது குடு."

நின்றுகொண்டே ஒரு கிண்ணம் குடித்தாள். பெயர் சொன்னாள். போய்விட்டாள். அதற்குப் பிறகு படியில் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான். அஸ்னாகெச் மறுபடி கத்தவில்லை. வறுக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டாள்.

[அந்த அடுக்குகளின் நடுவே சாவுக்கும் கல்யாணத்துக்கும் என்று ஒரு பொதுக்கூடம் கட்டியிருந்தார்கள். வரைபடம் போட்டவர் யோசித்துத்தான் போட்டிருக்கிறார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதுவரை யாரும் கேட்கவில்லை, அதனால் தெரியவில்லை. நாட்டை முன்னேற்றுவது பற்றி எனக்குத் தெரிந்தது இந்தக் கூடத்தளவுதான்: சுவரைக் கூலி கொடுத்து எழுப்பிவிடலாம். சாவியைத் தேடிக்கொண்டு நாலு பேர் அலைகிற பழக்கத்துக்கு எந்த மேஸ்திரியைக் கூப்பிடுவது?]

5.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. நான் இதை முடிக்காமல் இழுத்தால் வூப்ஷெட் இருமிக்கொண்டே இருப்பான். சில நாள் இழுத்தும் பார்த்தேன். இருமுகிறவனுக்கு அது உபகாரமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனான். அடுக்குமாடியில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருக்கிற நேரம். கடைசியாகப் பேசியது தண்ணீர் பற்றி: "குழாய மூடு, புள்ள. சொட்டுது."

அஸ்னாகெச் மூடினாள். பிறகு ஃபாண்டயேவுக்கும் ஷிமெல்லஸுக்கும் போன் போட்டாள்.

முதல் முடிவு: செய்தி பரவுகிறது. தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் மினிபஸ் பிடித்து வருகிறார்கள், பக்கத்துக்கொரு துண்டைச் சுருட்டிக்கொண்டு. கீழே மைதானத்தில் ஃபாண்டயே கோணி ஊசியால் மூன்றையும் சேர்த்துத் தைக்கிறாள். வெள்ளை எழுத்துகள் ஒன்று கூடி, சங்கத்தின் பெயர் முழுசாக—

எழுதும்போது எனக்கே பிடித்திருந்தது. ஆனால் முடியாது. தெற்குத் துண்டை நான் சிமெண்ட் மூட்டைமேல் பார்த்துவிட்டேன். விற்றுவிட்டார்கள். யாருக்கு என்ன நெருக்கடியோ. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படி எழுதுவது?

இரண்டாவது முடிவு: யாரும் வரவில்லை. இதை எழுதுவது சுலபம், கதையும் கனமாகத் தெரியும். ஆனால் ஃபாண்டயே எனக்குத் தெரிந்தவள். ஓரத்தை மடித்துத் தைக்க இரண்டு நாள் கேட்டவள் வராமல் இருக்க மாட்டாள்.

ஆகவே நடந்தது இதுதான், எனக்குத் தெரிந்தவரை. ஷிமெல்லஸ் மேற்கிலிருந்து கிளம்பிவிட்டார். மழையில் சாலை அடைத்து எங்கோ பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார். மேற்குத் துண்டு அவர் மடியில் இருக்கலாம். ஃபாண்டயே தெற்கிலிருந்து வந்துவிட்டாள், வெறுங்கையோடு.

"துண்டு எங்கடி?"

"கேக்காதக்கா."

அஸ்னாகெச் கட்டிலுக்கு அடியிலிருந்து நடுத்துண்டை இழுத்தாள். இரண்டு பேரும் அதைச் சுமந்து கீழே இறங்கினார்கள். மூன்றாவது திருப்பத்தில் அஸ்னாகெச் ஒரு கணம் நின்று, அந்த மூலையை அளப்பதுபோலப் பார்த்தாள்.

"இவர எப்பிடி எறக்குறது, ஃபாண்டயே?"

"எறக்கலாம். நாலு பேர் வந்தா எறக்கலாம்."

"நாலு பேரா?"

6.

இப்போது மைதானம். மழை தூறுகிறது. கம்பம் நட இடமில்லை, எல்லாம் சிமெண்ட் தரை. துணியை நாலு பக்கம் இழுத்து விளக்குக் கம்பத்திலும் படிக்கட்டுக் கம்பியிலும் கட்ட வேண்டும். மூலைக்கு ஓர் ஆள் வேண்டும். ஒரு மூலையை அஸ்னாகெச் பிடித்திருக்கிறாள். எதிர் மூலையை ஃபாண்டயே. மீதி இரண்டும் ஈரத் தரையில் அடித்துக்கொண்டு கிடக்கின்றன.

அஸ்னாகெச் தலையைத் தூக்கிக் கூப்பிடுகிறாள். காப்பிக்குக் கூப்பிட்ட அதே குரல், அடிவயிற்றிலிருந்து. இந்த முறை அவள் சொல்வது ஒரு பெயர்தான். "வூப்ஷெட்!" என்கிறாள். "என் வூப்ஷெட்!"

ஸம்ராவிட்டை அன்று வீட்டில் இருக்க வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுப்பு என்று எழுதிக்கொண்டால் யார் கேட்பது? அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். இறங்கிவிடுவாள். இந்த முறையும் கையில் வாளியோடுதான் இறங்குவாள் என்று நினைக்கிறேன். பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு மூன்றாவது மூலையைப் பிடிப்பாள்.

நான்காவது மூலையை நானே பிடிக்கலாம் என்று பார்த்தேன். எழுதுகிறவன் கை அந்தத் துணி வரைக்கும் எட்டாது. எட்டும் என்று எழுதிவிடலாம். சிமெண்ட் மூட்டைமேல் கிடந்த துண்டைப் பார்த்தபிறகு அதுவும் முடியவில்லை.

அந்த அடுக்கில் இரண்டாவது மாடி, இடதுபக்கக் கதவு. அங்கே யார் இருக்கிறார்கள் என்று நான் இதுவரை எழுதவில்லை. உங்களுக்காக விட்டுவைத்தேன். மதியச் சாப்பாடு முடிந்திருக்கிறது. கை கழுவியாயிற்று. சன்னல் பாதி திறந்திருக்கிறது, குரல் கேட்டிருக்கும். வூப்ஷெட் யாரென்று உங்களுக்குத் தெரியும், படிக்கட்டில் பார்த்திராவிட்டாலும்.

உங்கள் செருப்பு கதவோரம் கிடக்கிறது. கீழே துணியின் ஒரு மூலை இன்னும் தரையில் அடித்துக்கொண்டிருக்கிறது.