கை எழும்பும் முன்

ஒரு பக்கக் காது வீங்கிச் சிவந்திருந்த மகளின் இரண்டு கைகளையும் தீர்த்தகிரி துண்டால் கட்டிக்கொண்டிருந்தான். ஒன்பது வயது சென்னம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. காதோரத் தாடையைத் தன் உள்ளங்கையாலேயே ஓங்கி அறைந்துகொள்வாள். இன்னும் அடிபட்டால் காது போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கட்டாதய்யா. அவுத்தா சேத்து வெச்சு அடிச்சிக்கறா," என்றாள் அவன் மனைவி முனிலட்சுமி.

"காது போச்சுன்னா நீ குடுப்பியா? ஷிப்டுக்கு நேரமாச்சு."

ஒரு வாரமாக முனிலட்சுமி மகளைக் கவனித்துவந்தாள். யாராவது பார்க்கவேண்டும் என்றா அடித்துக்கொள்கிறாள்? கதவுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தபோதும் அதே அடி. பசியா? வயிறு நிறைந்த பிறகும் அடி. அப்படியானால் அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. எலும்புக்குள் எழும் அதிர்வுதான் அவளுக்கு வேண்டும். ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்கான ருசியைத் தானே கொடுத்துவிடுகிறது. இடையில் திட்டுக்கும் கொஞ்சலுக்கும் என்ன வேலை?

லால் பாஷாவின் மில்லுக்கு ராகி அரைக்கப் போன அன்று வழி தெரிந்தது. மோட்டார் ஓடியதும் சென்னம்மா பெல்ட்டை மறைத்து அதிர்கிற தடுப்புத் தகரத்தில் தாடையைச் சாய்த்தாள். அரைத்து முடியும் வரை கை எழவேயில்லை.

"தெனம் இவள இங்க கொஞ்சம் சாயவுடறீங்களா பாய்?"

"ராகிக்குத்தான் கூலி, கன்னத்துக்கு இல்ல. கூட்டியா தாயீ," என்று சிரித்தார் பாஷா.

மறுநாளே தீர்த்தகிரி தவறு செய்தான். மகள் இரண்டு அறை அறைந்துகொண்டதும் மில்லுக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். முனிலட்சுமி வாசலில் மறித்தாள்.

"இப்ப வேணாம். அடிச்சா மில்லுன்னு நெனச்சிக்குவா. கை சும்மா கெடக்கறப்பவே கூட்டினு போவணும்."

சிப்காட்டில் லேத் ஓட்டுகிறவன் அவன். சூடேறிய பிறகு எண்ணெய் விட்டுப் பயனில்லை என்று புது ஆட்களுக்குச் சொல்லித்தருகிறவன். தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று நினைத்தபடி மகளை இறக்கிவிட்டான்.

மூன்று வாரத்தில் காது வீக்கம் வடிந்தது.

பிறகு ஒரு காலை, அவன் மகளோடு மில்லில் இருந்தபோது கரண்ட் போனது. பெல்ட் தளர்ந்து நின்றது. சென்னம்மா தகரத்திலிருந்து முகத்தை எடுத்தாள். கை மெல்ல மேலே போனது.

தீர்த்தகிரி மண்டியிட்டான். மாவு டப்பாக்களோடு வரிசையில் நின்ற பெண்கள் பார்க்கப் பார்க்க, மகளின் தாடையோடு தன் தாடையை ஒட்டி, உதட்டை மூடி, நெஞ்சிலிருந்து "ம்ம்ம்" என்று முழங்கினான்.

"என்னய்யா, வண்டு மாதிரி..." என்று ஒருத்தி ஆரம்பித்தாள். பாஷா கையமர்த்தினார்.

மூச்சு தீர்ந்தது. இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்கினான். காதுக்கு ஒரு சாண் தள்ளி, விரல்கள் விரிந்தபடி, அவள் கை அந்தரத்தில் நின்றது.