நாலு மணி வரைக்கும்

காலை பதினொரு மணிக்கு, குளிர்நீர் பம்பின் மேல் ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டார் மெக்கானிக். உள்ளே பேரிங் தேய்ந்து அரைக்கத் தொடங்கியிருந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து கல்குவாரி கம்ப்ரசரோடு கிடந்த காது அது, தப்பாது. மாற்றுப் பம்ப் பழுதுபார்க்கப் போய் இரண்டு வாரமாகிறது. இது இறுகி நின்றால், குளிர்நீர் ஏறாமல் மாடியிலிருக்கும் ஆய்வுமையத்தின் கணினிகள் மொத்தமும் சூடேறி அணையும். சிலது திரும்ப எழாது.

மாடிக்குப் போனார். பாறை எப்படிப் பிளக்கும் என்று கணக்குப் போடும் பெண் மட்டும் அறையில் இருந்தாள். குவாரியில கல்லுடைச்ச எங்கப்பாவைக் கேட்டிருந்தா ஒரு டீக்குச் சொல்லியிருப்பாரே என்று முன்பு அவளைக் கிண்டல் செய்திருக்கிறார்.

“பம்பை நிறுத்தணும்மா. கணக்கைச் சேமிச்சுக்க.”

அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். “முடியாதுண்ணே. நடுநடுவுல சேமிச்சா வேகம் குறையுதுன்னு புரோகிராம்லேர்ந்து அந்த வரியையே எடுத்துட்டேன்.”

“எத்தனை நாளா ஓடுது?”

“பத்தொம்பது. நாலு மணிக்கு முடிஞ்சிடும். இந்த முடிவைக் காட்டலன்னா மாசக் கடைசியோட வேலை போயிடும்.”

“கயிறு கட்டாம பாறையில ஏறுனவ நீ.”

“திட்டுங்க. நாலு வரைக்கும் தாங்குமா?”

“இந்த வேகத்துல தாங்காது. மத்தவங்க கணக்கையெல்லாம் நிறுத்தச் சொல்லு. சூடு பாதியானா பம்பைப் பாதி வேகத்துல ஓட்டிப் பாக்கறேன்.”

“ஏன்னு கேப்பாங்களே.”

“சொல்லு.”

அவள் எழுந்து மழையைக் கணக்கிடுபவர்கள், பாலத்தைக் கணக்கிடுபவர்கள் என்று கதவு கதவாகத் தட்டினாள். ஓர் அறையிலிருந்து சிரிப்புக் கேட்டது. “ஏன்க்கா, சேமிக்காம ஓட்டாதேன்னு போன மாசம் எங்களுக்கு வகுப்பெடுத்ததே நீதானே?” அவள் ஏதோ பதில் சொன்னாள். சிரிப்பு நின்றது. கணினி அறையின் இரைச்சல் படிப்படியாக இறங்கியது.

மெக்கானிக் கீழே வந்து வேகத்தைக் குறைத்தார். பதிவேட்டில் நேரத்தை எழுதினார். சத்தம் என்ற கட்டத்தில் ‘உண்டு’ என்றும், அடுத்ததில் ‘நிறுத்தவில்லை’ என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பம்ப் போனால் பழி தன் மேல் வரும்; எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதினார்.

இரண்டு மணிக்கு அவள் இறங்கி வந்தாள். உட்கார இடமில்லை. எண்ணெய்க் கறை படிந்த தரையில் நின்றுகொண்டே கேட்டாள்: “எப்படிண்ணே இருக்கு?”

அவர் ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். முடியை ஒதுக்கிவிட்டு, கைப்பிடியைக் காதில் வைத்துக் குனிந்தாள். உள்ளே யாரோ கல்லை மெல்லுவதுபோலக் கேட்டது. நாலு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது; அவள் காதை எடுக்கவில்லை.